விண்டோஸ் ‘அப்கிரேட்’ போதுமா, ‘ஃபுல் வெர்ஷன்’ வாங்கணுமா? பாசிர் கூடாங்கில் ஒரே வீடு, இரண்டு கணினி, இரண்டு பதில்

“அக்கா, லேப்டாப்பைக் கடையில காட்டினேன். விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாம். இனிமே ‘ஃபுல் வெர்ஷன்’ வாங்கிப் போட்டாதான் சரியா வருமாம். 380 வெள்ளி கேட்கிறாங்க. உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சிட்டுத்தான் போடுவாங்களாம். கொடுத்துடவா?”

பாசிர் கூடாங்கில் இருக்கும் என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. கணினியைப் பற்றி உட்கார்ந்து படிக்க அவனுக்கு நேரம் கிடையாது. 380 ரிங்கிட்கூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ‘எல்லாத்தையும் அழிச்சிட்டு’ என்று சொன்னானே, அதுதான் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவறிப்போன சித்தப்பாவின் படங்கள் முழுக்க அந்த மடிக்கணினியில்தான் இருக்கின்றன. வேறெங்கும் நகல் இல்லை.

“கொடுக்காதே தம்பி, ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்” என்றேன்.

போனால், காட்டுவதற்கு இரண்டு கணினிகள் காத்திருந்தன. ஒன்று, தம்பி 2019இல் வாங்கிய மடிக்கணினி. இன்னொன்று, சித்தி வீட்டிலேயே நடத்தும் டியூஷனுக்குப் பயன்படுத்தும் பழைய மேசைக் கணினி. இரண்டிலும் ஓடுவது விண்டோஸ் 10. ஆனால் இரண்டுக்கும் பதில் ஒன்றாக இல்லை. உங்கள் வீட்டிலும் இதே கேள்வி இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கு உண்மையிலேயே என்ன ஆச்சு?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதனால் உங்கள் கணினி மறுநாள் காலையில் நின்றுபோகாது. கோப்புகள் திறக்கும், இணையம் வரும், பிரிண்டர் ஓடும். நின்றுபோனது ஒன்றுதான்: மாதாமாதம் இலவசமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்.

‘அவ்வளவுதானே’ என்று தோன்றும். ஆனால் திருத்தம் போடாத கணினிக்கு என்ன நடக்கும் என்பதை 2017 மே 12ஆம் தேதி உலகமே பார்த்தது. ‘வானாக்ரை’ என்ற பிணைத்தொகை வைரஸ் சில நாளிலேயே சுமார் 150 நாடுகளுக்குப் பரவியது. பிரிட்டன் மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகளும், ஆதரவு முடிந்துபோன பழைய விண்டோஸ் கணினிகளும்தான் மாட்டிக்கொண்டன. அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், அதே வைரஸின் இன்னொரு வடிவம் தைவானின் டிஎஸ்எம்சி சில்லுத் தொழிற்சாலைக்குள் புகுந்து உற்பத்தியையே நிறுத்தியது. புதிதாக வந்த ஓர் இயந்திரத்தைச் சோதிக்காமல் வலையமைப்பில் இணைத்ததுதான் காரணம். தொழிற்சாலைகளை நம்பிப் பிழைக்கும் பாசிர் கூடாங் மாதிரி ஊருக்கு இது தூரத்துக் கதை இல்லை.

ஆக, ஏதாவது செய்யத்தான் வேண்டும். கடைக்காரர் சொன்னதில் அந்தப் பாதி சரி. ‘ஃபுல் வெர்ஷன் வாங்கணும்’, ‘அழிக்கணும்’ என்ற மீதிப் பாதியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘அப்கிரேட்’, ‘ஃபுல்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் விண்டோஸ் அட்டைப்பெட்டியில் வரும், உள்ளே சிடியோ டிவிடியோ இருக்கும். அப்போது ஒரே விண்டோஸை இரண்டு பெட்டிகளாக விற்றார்கள். 2009 அக்டோபர் 22ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விலையில் ‘ஹோம் பிரீமியம்’ முழுப் பதிப்பு சுமார் 200 டாலர். அதே விண்டோஸின் ‘அப்கிரேட்’ பெட்டி சுமார் 120 டாலர். உள்ளே இருந்த மென்பொருளில் வித்தியாசம் இல்லை. உங்களிடம் ஏற்கெனவே எக்ஸ்பி அல்லது விஸ்டா உரிமம் இருந்தால் கிடைக்கும் தள்ளுபடிதான் அந்த ‘அப்கிரேட்’.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எக்ஸ்பி வைத்திருந்தவர் மலிவான அப்கிரேட் பெட்டியை வாங்கலாம். ஆனால் எக்ஸ்பியின் மேலேயே விண்டோஸ் 7ஐ ஏற்ற முடியாது. புதிதாக நிறுவி, செயலிகளை எல்லாம் மறுபடி போட வேண்டும். அதாவது, வாங்கியது அப்கிரேட் உரிமம், நிறுவியது முழு நிறுவல்! விஸ்டா வைத்திருந்தவரோ அதே பெட்டியை வைத்து மேலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

2013இல் வந்த விண்டோஸ் 8.1 முதல் கடைப் பெட்டிகள் முழுப் பதிப்பாகவே வந்தன. 2015 ஜூலை 29இல் வந்த விண்டோஸ் 10, ஏற்கெனவே விண்டோஸ் 7 அல்லது 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டுக்கு இலவசம். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினிகளுக்கு இலவசம். இரண்டு பெட்டி, இரண்டு விலை என்ற வழக்கம் போய்விட்டது. சொற்கள் மட்டும் கடைப் பேச்சில் தங்கிவிட்டன. அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

உண்மையில் இது இரண்டு கேள்வி

‘ஃபுல் வெர்ஷன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்.

ஒன்று, உரிமம். அதாவது, இந்தக் கணினியில் விண்டோஸ் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி இருக்கா, அதற்குப் பணம் கட்டியாச்சா என்பது.

இன்னொன்று, நிறுவும் முறை. இருக்கிற விண்டோஸுக்கு மேலேயே புதியதை ஏற்றுவதா, அல்லது வட்டைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடுவதா என்பது.

வீட்டு வாடகை ஒப்பந்தமும் வீட்டுக்குச் சாயம் அடிப்பதும் வேறு வேறு வேலை இல்லையா? அதே மாதிரிதான். உரிமம் ஏற்கெனவே இருப்பவர் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டாலும் மறுபடி பணம் கட்டத் தேவையில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டி ‘ஃபுல் வெர்ஷன் 380’ என்றால் எதற்கு எவ்வளவு என்பதே தெரியாமல் போகும். கணினி சரிசெய்பவரின் உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம்தான், அதில் தப்பில்லை. நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: “அண்ணே, ரசீதுல உரிமத்துக்கு எவ்வளவு, வேலைக்கூலி எவ்வளவுன்னு தனித்தனியா எழுதித் தாங்க.”

உரிமம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கா?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் 10இல் ‘செட்டிங்ஸ்’ திறந்து, ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’, அதற்குள் ‘ஆக்டிவேஷன்’ போங்கள். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வந்தால் உரிமம் கணினியிலேயே பதிந்திருக்கிறது. தகுதியுள்ள கணினியாக இருந்தால் இதே உரிமத்தில் விண்டோஸ் 11 ஓடும். மேலேயே ஏற்றினாலும் சரி, துடைத்துப் போட்டாலும் சரி. புதிதாகப் போடும்போது ‘புராடக்ட் கீ’ கேட்டால், ‘என்னிடம் கீ இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பழைய அதே பதிப்பைப் போடுங்கள். ஹோம் இருந்த இடத்தில் ஹோம், புரோ இருந்த இடத்தில் புரோ. இணையத்தில் இணைந்ததும் அதுவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

உரிமத்தில் இரண்டு வகை இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடையில் வாங்கிய மடிக்கணினியோடு வருவது ‘ஓஇஎம்’ உரிமம். அது அந்தக் கணினியின் மதர்போர்டோடு பிறந்து அதோடேயே முடியும். வேறு கணினிக்கு மாற்ற முடியாது. தனியாக விலை கொடுத்து வாங்குவது ‘ரீடெய்ல்’ உரிமம். பழைய கணினியில் நீக்கிவிட்டுப் புதியதுக்கு எடுத்துப் போகலாம். அதனால்தான் விலையும் அதிகம். மைக்ரோசாஃப்டின் அமெரிக்க விலைப்படி விண்டோஸ் 11 ஹோம் 139 டாலர், புரோ 199 டாலர்.

அப்போ, முழு உரிமத்தை யார் உண்மையிலேயே வாங்க வேண்டும்? பாகங்களை வாங்கித் தானே கணினி கட்டியவர், ஓஇஎம் கணினியில் மதர்போர்டை மாற்றியவர், ஆக்டிவேட் ஆகாத பழைய கணினியை வாங்கியவர். இவர்களுக்குத்தான். விண்டோஸ் 7 அல்லது 8 சாவியை வைத்து இலவசமாக மேலேறும் வழி கொஞ்ச காலம் திறந்தே கிடந்தது. 2023 செப்டம்பரில் அதையும் மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது.

தம்பியின் மடிக்கணினியில் பார்த்தோம். டிஜிட்டல் லைசென்ஸ் இருந்தது. 2019இல் அந்த மடிக்கணினியின் விலையோடு சேர்த்து அவன் கட்டிய பணம் அது. அதையே மறுபடி கட்டப் போயிருந்தான்.

கணினி விண்டோஸ் 11ஐத் தாங்குமா?

உரிமம் இருந்தாலும் கணினிக்குத் தகுதி வேண்டும். விண்டோஸ் 11 கேட்பவை: 64 பிட் செயலி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், ‘செக்யூர் பூட்’ வசதியுள்ள யூஇஎஃப்ஐ, ‘டிபிஎம் 2.0’. டிபிஎம் என்பது பூட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஒரு பாதுகாப்புப் பகுதி. பல கணினிகளில் அது செயலிக்குள்ளேயே இருக்கும்.

பெரும்பாலானவர்கள் இடறி விழுவது செயலியில்தான். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து மேலே இருக்க வேண்டும். ‘ஐ5-8250’ என்று எழுதியிருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8தான் தலைமுறை. ‘ஐ5-10210’ என்றால் 10ஆம் தலைமுறை.

இதையெல்லாம் நீங்களே தேடிப் பார்க்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியை இலவசமாக இறக்கி ஓட்டினால் ஆம், இல்லை என்று காரணத்தோடு சொல்லிவிடும். ‘டிபிஎம் இல்லை’ என்று வந்தால் உடனே மனம் விட்டுவிடாதீர்கள். சில மேசைக் கணினிகளில், முக்கியமாகக் கட்டிய கணினிகளில், அது பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் ‘பிடிடி’, ஏஎம்டி போர்டில் ‘எஃப்டிபிஎம்’ என்ற பெயரில் இருக்கும். அதை இயக்கினால் போதும்.

தம்பியின் மடிக்கணினி 8ஆம் தலைமுறை. தேர்ச்சி. சித்தியின் மேசைக் கணினி 4ஆம் தலைமுறை. தேறவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

மேலேயே ஏற்றுவதா, துடைத்துப் போடுவதா?

மேலேயே ஏற்றும் அப்கிரேடில் உங்கள் கோப்புகள், செயலிகள், அமைப்புகள் எல்லாம் அப்படியே இருக்கும். ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே அழைப்பு வந்திருக்கும், அல்லது மைக்ரோசாஃப்டின் நிறுவல் உதவிச் செயலியை இறக்கிப் பயன்படுத்தலாம். பழைய விண்டோஸ் ஒரு தனி அடைவில் பத்திரமாகக் கிடக்கும். பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் திரும்பிப் போகலாம். அதற்குப் பிறகு அந்த வழி மூடிவிடும்.

துடைத்துப் போடும் முழு நிறுவலில் எல்லாம் புத்தம் புதிதாகத் தொடங்கும். குறைந்தது 8 ஜிபி யூஎஸ்பி வேண்டும். அதில் இருப்பது அழிந்துபோகும் என்பதை மறக்காதீர்கள். பழைய குப்பை, வைரஸ், தேவையில்லாத செயலிகள் எல்லாம் போய்விடும். ஆனால் உங்கள் படங்களும் போய்விடும், நகல் எடுக்காவிட்டால்.

எப்போது எது?

கணினி நன்றாக ஓடுகிறது, நேரம் இல்லை, நிறைய செயலிகள் இருக்கின்றன என்றால் மேலேயே ஏற்றுங்கள். பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு இதுவே போதும்.

வைரஸ் புகுந்துவிட்டது, அடிக்கடி நீலத்திரை வருகிறது, அல்லது பழைய கணினியை வேறொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறீர்கள் என்றால் துடைத்துப் போடுங்கள். உள்ளே முந்தைய உரிமையாளர் எதை விட்டுவிட்டுப் போனார் என்று யாருக்குத் தெரியும்?

சில நேரம் தேர்வே உங்கள் கையில் இருக்காது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. உங்கள் விண்டோஸ் 10 பழைய 32 பிட் என்றால் மேலேயே ஏற்ற முடியாது. துடைத்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கணினியின் வட்டு பூட்டப்பட்டிருக்கலாம். ‘பிட்லாக்கர்’ அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இயங்கினால், 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸில் கை வைப்பதற்கு முன் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, கடையில் கொடுக்கும் முன் நகல் எடுத்துவிடுங்கள். ‘டேட்டா எல்லாம் சேஃப்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வது நகல் ஆகாது.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது

இதைப் பெரும்பாலான ஆங்கிலக் கையேடுகள் சொல்லாது. சித்தியின் கணினியில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துத் தமிழ்ப் பயிற்சித் தாள்கள் இருக்கின்றன. சில யூனிகோடில் இருக்கின்றன. பழையவை அந்தக் காலத்து எழுத்துருக்களில் இருக்கின்றன. அப்படிப்பட்ட கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு கணினியில் இருக்கும் வரைதான் திரையில் அது தமிழாகத் தெரியும். துடைத்துப் போட்டால் எழுத்துரு போய்விடும். கோப்பைத் திறந்தால் யாரோ கீபோர்டில் கைபோன போக்கில் தட்டிய மாதிரி இருக்கும்.

அதனால், துடைப்பதற்கு முன் ‘ஃபாண்ட்ஸ்’ அடைவிலிருக்கும் தமிழ் எழுத்துருக்களையும் நகல் எடுங்கள். முடிந்தால் முக்கியமான கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் போன்ற தட்டச்சுச் செயலியை வைத்திருந்தால், அதன் உரிம விவரத்தையும் தனியாகக் குறித்து வையுங்கள். வெறும் தட்டச்சுக்கு மட்டும் என்றால் கவலை இல்லை. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 10லும் 11லும் உள்ளேயே வருகிறது.

மேலேயே ஏற்றினால் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். பழைய தமிழ்க் கோப்புகள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு அப்கிரேடையே முதலில் பரிந்துரைப்பேன்.

20 வெள்ளிக்கு ‘லைஃப்டைம் கீ’ வாங்கலாமா?

இணையச் சந்தையில் தேடினால் சில பத்து ரிங்கிட்டுக்கு ‘ஒரிஜினல், லைஃப்டைம்’ என்று சாவிகள் வரிசையாக வரும். 139 டாலர் பொருள் எப்படி அந்த விலைக்கு வரும்? பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த சாவியைப் பிரித்து விற்பது, தூக்கிப்போட்ட கணினியின் ஓஇஎம் சாவியை எடுத்து விற்பது என்று பல வழிகள் உண்டு. வாங்கிய அன்று வேலை செய்யும். பின்னாளில் முடக்கப்பட்டால் விற்றவரைத் தேடிப் பிடிக்க முடியாது. முக்கியமாக, உங்களுக்குச் சேர்ந்தது ஒரு எண் மட்டும்தான், உரிமம் இல்லை.

இதைவிட மோசம், ‘ஆக்டிவேட்டர்’ என்று இலவசமாகக் கிடைக்கும் திருட்டுக் கருவிகள். 2021இல் ‘கேஎம்எஸ்பிகோ’ என்ற பெயரில் பரவிய போலி நிறுவிகளுக்குள் ‘கிரிப்ட்பாட்’ என்ற தகவல் திருடி ஒளிந்திருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எடுத்துக்கொண்டு போகும் வகை அது. வங்கி வேலையையும் அதே கணினியில் பார்ப்பவர் யோசிக்க வேண்டும்.

சிறு நிறுவனம் நடத்துபவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சட்டவிரோதப் பிரதி ஒவ்வொன்றுக்கும் 20,000 ரிங்கிட் வரை அபராதமும், 5 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. பட்டறைக்கோ குத்தகை அலுவலகத்துக்கோ ஐந்து கணினி வைத்திருப்பவர் மிச்சம் பிடிக்கும் தொகையையும் இந்தத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கணினி தேறவில்லை என்றால்?

சித்தியின் மேசைக் கணினிக்கு வருவோம். விண்டோஸ் 7ஓடு வாங்கியது, 2016இல் இலவசமாக விண்டோஸ் 10க்கு ஏறியது. உரிமம் சுத்தம். ஆனால் செயலி பழசு. இவருக்கு எத்தனை டாலர் கொடுத்து ஃபுல் வெர்ஷன் வாங்கினாலும் பிரச்சினை தீராது. உரிமம் வாங்கினால் செயலி புதிதாகிவிடாதே! அவருக்கு முன்னால் இருந்த வழிகள் நான்கு.

முதல் வழி, கால நீட்டிப்பு. ‘இஎஸ்யு’ என்ற நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் வீட்டுக் கணினிக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் வரும். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். 30 டாலர் கட்டலாம், அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் கொடுக்கலாம், அல்லது கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் பணமே இல்லாமல் சேரலாம். ஒரு சேர்க்கையை 10 கணினி வரை பயன்படுத்தலாம்.

இரண்டாம் வழி, லினக்ஸ். உபுண்டு, மின்ட் போன்றவை இலவசம், பழைய கணினியிலும் ஓடும். இணையம், ஆவணம், வீடியோ மட்டும்தான் என்றால் தாராளமாகப் போதும். விண்டோஸ் செயலியை நம்பியிருப்பவர் முதலில் யூஎஸ்பியிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மூன்றாம் வழி, தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11ஐ ஏற்றுவது. யூடியூப்பில் வழிகள் கிடைக்கும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. திருத்தத்துக்காகத்தானே இவ்வளவு பாடும்?

நான்காம் வழி, புதிய கணினி. உரிமம் அதோடேயே வரும். சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கினால், வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் வரையிலான வருமான வரி விலக்கில் கணினியும் அடங்கும். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அப்படி வாங்கினால், பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு நம் நாட்டில் அட்டவணையிடப்பட்ட கழிவு வகையைச் சேர்ந்தது. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டதைப் பார்த்த ஊர் இது. கழிவை எங்கே போடுவது என்பதை பாசிர் கூடாங் மக்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மின்னணுக் கழிவு சேகரிக்கும் மையத்தில் கொடுங்கள். வட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகம், பட்டறை நடத்துபவர்களுக்கு

நிறுவனக் கணினிக்கான இஎஸ்யு விலை வேறு. முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகும், அதிகபட்சம் மூன்று ஆண்டு. இயந்திரத்தோடு இணைந்து ஓடும் கணினி என்றால் தானாகக் கை வைக்காதீர்கள். அந்த இயந்திரத்தைச் செய்த நிறுவனம் விண்டோஸ் 11க்கு மென்பொருள் வைத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சில கணினிகளில் ‘எல்டிஎஸ்சி’ என்ற நீண்டகாலப் பதிப்பு இருக்கும். அதற்கு ஆதரவு முடியும் தேதியே வேறு. பதில் வரும் வரை அதை இணையத்திலிருந்து பிரித்து வைப்பது நல்லது.

இன்னொன்றையும் பாருங்கள். ஆஃபீஸ் 2016, ஆஃபீஸ் 2019 ஆகியவற்றுக்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியே முடிந்துவிட்டது. விண்டோஸை மட்டும் புதுப்பித்துவிட்டு அதை மறந்துவிடாதீர்கள்.

கடைக்குப் போவதற்கு முன், ஐந்து வேலை

1. படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுங்கள். முக்கியமானதை இன்னொரு இடத்திலும் வையுங்கள்.
2. ‘ஆக்டிவேஷன்’ பக்கத்தைத் திறந்து, உரிமமும் பதிப்பும் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. ‘பிசி ஹெல்த் செக்’ ஓட்டிப் பாருங்கள்.
4. மீட்புச் சாவி, செயலிகளின் உரிம விவரம், தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.
5. கடையில் இரண்டே கேள்வி கேளுங்கள்: “உரிமம் புதுசா வாங்கணுமா? ஏன்?” “மேலேயே ஏத்த முடியாதா? ஏன்?” நியாயமான கடைக்காரர் இரண்டுக்கும் காரணம் சொல்வார்.

ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால், ரசீதோடு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், மனுக் கட்டணம் 5 ரிங்கிட். ரசீதில் தொகையைப் பிரித்து எழுதச் சொன்னது இதற்கும் உதவும்.

அந்த ஞாயிறு எப்படி முடிந்தது?

முதல் வேலையாக சித்தப்பாவின் படங்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றினோம். மதியச் சாப்பாடு முழுக்க அதுவே ஓடியது. துறைமுகத்துச் சீருடையில் அவர் நிற்கும் ஒரு படத்தைச் சித்தி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியின் மடிக்கணினியில் அப்கிரேடைத் தொடங்கினோம். சாயங்காலத் தேநீர் முடிவதற்குள் விண்டோஸ் 11 வந்துவிட்டது. உரிமத்துக்குச் செலவு, ஒரு காசும் இல்லை. எதுவும் அழியவும் இல்லை.

சித்தியின் கணினியை இஎஸ்யுவில் சேர்த்தோம். அவருக்குக் கிடைத்திருப்பது 2026 அக்டோபர் வரையிலான அவகாசம்தான். அதற்குள் பழைய தாள்களை யூனிகோடுக்கு மாற்றித் தருவதாகத் தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறான். அதன் பிறகு புதிய கணினியா, லினக்ஸா என்பதை அவர் முடிவு செய்வார்.

கிளம்பும்போது தம்பி கேட்டான்: “அப்போ அந்தக் கடைக்காரர் பொய் சொன்னாராக்கா?”

பொய்யா, பழைய பழக்கமா என்பது எனக்குத் தெரியாது. நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் இருந்தோம். அது மட்டும் தெரியும்.